அய்மன் பெயர் எழுதிய போத்தல்

பிள்ளைகளின் குடலில் வாழும் கிருமிகளை ஆராய வந்தவர்கள், மருதமுனைத் தாய்மாரிடம் ஆளுக்கொரு சின்னப் போத்தலும் கொப்பியும் கொடுத்தார்கள். போத்தலில் பிள்ளையின் மலம். கொப்பியில் பிள்ளை மூன்று நாள் தின்றதெல்லாம்.

ஸிமாராவும் ஒன்றை வாங்கிக்கொண்டாள். அவளுடைய மூன்று வயது மகன் அய்மன் கீரை, மீன், தயிர் எதையும் விடமாட்டான். ஆனாலும் ஈர்க்கில் போல இருந்தான். அதே வளவில் அடுத்த வீட்டிலிருக்கும் மூத்த சகோதரி, ராத்தா, தினமும் குத்திக்காட்டுவாள். "என்ட ஸாஹிதப் பாரு, கொழுகொழுண்டு. நீ புள்ளைக்கு என்னதான் குடுக்கிறாய்?"

கொழுத்த பிள்ளையின் மலம்தான் நல்ல மலம் என்று ஸிமாரா முடிவுகட்டினாள். போத்தலைக் கொடுக்கவேண்டிய காலையில், ஸாஹிதைக் கழுவிவிடும்படி ராத்தா கூப்பிட்டது வசதியாய்ப் போயிற்று. போத்தல் நிறைந்தது. கொப்பியில் மட்டும் அய்மன் தின்றதை ஒழுங்காக எழுதினாள்.

இரண்டு மாதம் கழித்து, கிளினிக்கில் தாதி மிஸ் அறிக்கையையும் கொப்பியையும் மாறிமாறிப் பார்த்தார்.

"கீரை, மீன் எண்டு எழுதியிருக்கீங்க. ஆனா அய்மன்ட குடல்ல நல்ல கிருமி சரியான குறைவு. இது பிஸ்கட்டும் சீனித் தேத்தண்ணியுமா வளர்ற புள்ளைட குடல். பொய்தானே எழுதினீங்க?"

ஸாஹிதோடு வந்து பக்கத்தில் நின்ற ராத்தா விடுவாளா? "நான் தலப்பாடா அடிச்சிக்கிட்டன் மிஸ். இவள் புள்ளயப் பட்டினி போடுறாள்."

ராத்தாவின் இடுப்பிலிருந்த ஸாஹித் சிணுங்க, அவள் இன்னொரு பிஸ்கட்டை அவன் கையில் திணித்தாள். அதோடு ஸிமாராவின் பொறுமை போயிற்று.

"நான் பொய் எழுதல்ல மிஸ். அந்தப் போத்தலுக்குள்ள இருந்தது, இந்தா நிக்கிற ராத்தாட மகன்ட பீ!"