பை மாற்றுகிறவள்

"தள்ளுங்க அண்ணி, நான் பாத்துக்குறேன்," என்று சொல்லி, நாத்தனாரின் கையிலிருந்த பெட்டியைப் பிடுங்காத குறையாக வாங்கினாள் தையல்காரி.

கட்டிலில் அவள் கணவன் கிடந்தான். காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததுதான். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, உயிர் போய்விட்டதென்று கையை விரித்துவிட்டார். இனி உடை மாற்ற வேண்டும். வயிற்றில் ஒட்டியிருந்த பையோ ஓரத்தில் கசிந்துகொண்டிருந்தது.

ஏழு மாதமாக அந்தப் பை நாத்தனாரின் ராஜ்ஜியம். குடல் வெடித்து ஆபரேஷன் செய்தபோது, குடலின் முனையை வயிற்றில் துளையிட்டு வெளியே தைத்துவிட்டார்கள். மலம் பையில் இறங்கும். மறுபடி உள்ளே சேர்க்க அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி குறித்திருந்தார்கள். அதுவரை மனைவி அதைப் பார்க்கவே கூடாதென்று அவன் ஒரே பிடியாக நின்றான். மூன்று நாளைக்கு ஒருமுறை அக்கா வருவாள், கதவு சாத்திக்கொள்ளும். உள்ளே அக்காவும் தம்பியும் எதற்கோ விழுந்து விழுந்து சிரிப்பார்கள். வெளியே தையல்காரி வேண்டுமென்றே மிஷினைக் கடகடவென்று மிதிப்பாள். பதினெட்டு வருஷம் குடும்பம் நடத்தியவள் அன்னியம், நாலு தெரு தள்ளி இருப்பவள் சொந்தம்! வயிறு எரியும்.

"உனக்குப் பழக்கமில்லம்மா. முந்தாநாள்கூட நான்தான்..."

"தெரியும். நீங்க வெளிய இருங்க."

கதவைச் சாத்தித் தாழும் போட்டாள். அவள் இத்தனை நாள் காத்திருந்த இடத்தில் இப்போது நாத்தனார். அது திருப்தியாகத்தான் இருந்தது. வெட்கமாகக்கூட இல்லை.

பழைய பையை உரித்தாள். வெளிறிப்போன ஒரு சின்னச் சதைமொட்டு, அவ்வளவுதான். இதையா இவன் ஒளித்து வைத்தான்? வெந்நீரில் நனைத்த துணியால் சுற்றிலும் துடைத்தாள். புதுப் பையில் துளை வெட்ட அளவு வேண்டும். கேட்க மனசு வரவில்லை. கண்ணாலேயே அளந்து வெட்டினாள். கச்சிதமாகப் பொருந்தியது.

ஆனால் ஒட்டவில்லை. ஓரம் தூக்கிக்கொண்டே இருந்தது. இரண்டு முறை பார்த்துவிட்டுக் குரல் கொடுத்தாள்.

"அண்ணி, ஒட்ட மாட்டேங்குது."

கதவுக்கு அப்பால் மூக்கை உறிஞ்சும் சத்தம். "உள்ளங்கைய வச்சு அழுத்திப் பிடி. சூடு பட்டாத்தான் பசை பிடிக்கும். எப்பவும் ரெண்டு நிமிஷம் போதும்... இன்னிக்குக் கொஞ்சம் கூட ஆகும்."

அழுத்திப் பிடித்தாள். வாசலில் வண்டி வந்து நின்றது. யாரோ செருப்பைக் கழற்றினார்கள். பையின் ஓரமெல்லாம் எப்போதோ படிந்துவிட்டிருந்தது.

"ஒட்டிடுச்சாம்மா?"

"இன்னும் இல்ல அண்ணி," என்றாள், கையை எடுக்காமல்.