நிலாந்தியின் மீற்றரும் நாலு நாட்டுக் கிளைகளும்

நிலாந்தி செய்த பிழை ஒன்றே ஒன்றுதான். யாழ்ப்பாணத்துக் கடைக்காரர் எடுத்து வைத்த மீற்றரைப் பேசாமல் வாங்கிக்கொண்டு பஸ் ஏறியிருக்கலாம். ஏறாமல், சுவிசில் இருக்கும் ஒன்றுவிட்ட தம்பி ஆரூரனுக்கு அதன் படத்தை அனுப்பி, "இது நல்லதோ தம்பி?" என்று கேட்டுவிட்டாள்.

நயினாதீவில் பிறிட்ஜ், வோஷிங் மெஷின், கிறைண்டர் எது படுத்தாலும் அவளுடைய கடைக்குத்தான் வரும். எங்கே கறண்ட் இருக்கிறது, எங்கே வயர் அறுந்திருக்கிறது என்று சொல்ல ஒரு மீற்றர் வேண்டும். அவளுடைய பழைய மீற்றர் மாரி மழையில் கூரை ஒழுகி நனைந்து செத்துப்போனது. அதன் பிறகு ஒரு ஹோல்டரில் மின்குமிழை மாட்டி, இரண்டு வயரை வெளியே நீட்டி, குமிழ் எரிந்தால் கறண்ட், எரியாவிட்டால் இல்லை என்று காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள். ஒரு நாள், பிளக் கழற்றி வைத்திருந்த வோஷிங் மெஷின் ஒன்று, கப்பாசிற்றருக்குள் மிச்சம் பிடித்து வைத்திருந்த கறண்டை அவள் கையில் இறக்கியது. தூக்கி எறிபட்டுச் சுவரோடு போய் விழுந்தாள். மூன்று நாளுக்கு வலது கை விரல்களால் ஒரு பொத்தானைக்கூடப் பூட்ட முடியவில்லை.

படகில் வேலை செய்யும் புருசன் சதீசன் சத்தம் போடவில்லை. "இன்னொருக்கா விழுந்தா எழும்பமாட்டீர். ஒண்டில் மீற்றர் வாங்கும், இல்லாட்டிக் கடையைப் பூட்டும்" என்று மட்டும் சொன்னான். அவளுக்குக் கோபம் வரவில்லை. அவளுக்கே பயமாகத்தான் இருந்தது.

ஆரூரன் நல்ல பிள்ளை. உலகத்தில் பாதிக் கரைச்சல் நல்ல பிள்ளைகளால்தான் வருகிறது. அவன் அந்தப் படத்தை, வெளிநாடு போன கிழக்குத் தெருக்காரர் நாலு நாட்டில் கிளை வைத்து நடத்தும் நலன்புரி ஒன்றியத்தின் வட்ஸ்அப் குழுவில் போட்டு, "எங்கட அக்காவுக்கு இது போதுமோ?" என்று கேட்டான். கனடாவிலிருந்து ஒருவர், நாங்கள் இத்தனை பேர் உயிரோடு இருக்க ஊரில் ஒரு பிள்ளை மலிவு மீற்றரோடு நிற்பதா என்று கொதித்தார். அரை மணி நேரத்தில் அது தெருவின் மானப் பிரச்சினை ஆகிவிட்டது. நிலாந்தி அந்த யாழ்ப்பாணக் கடையை விட்டு வெளிக்கிட முன்னமே, ஒன்றியத்தின் ஊர்த் தலைவர் கனகசபை போன் எடுத்தார். கிராம சேவகர் வேலையிலிருந்து பென்சன் எடுத்துப் பத்து வருடமாகியும் ஊருக்கு அவர் இன்னும் விதானையார்தான்.

"பிள்ளை, ஒண்டும் வாங்கிப் போடாதை. ஒன்றியம் தருது."

"எப்ப விதானையார்?"

"தீர்மானம் நிறைவேறிட்டுது. இனியென்ன, வந்தமாதிரித்தான்."

ஒன்றியம் தருகிறேன் என்ற பொருளைத் தானே வாங்குவது, கலியாண வீட்டுக்குச் சோற்றுப் பார்சலோடு போகிற மாதிரி. பிறகு ஊரில் தலைகாட்ட முடியாது. நிலாந்தி வெறுங்கையோடு படகேறினாள்.

அது தை மாதம். அதிலிருந்து எட்டு மாதம் மீற்றர் தெரிவு நடந்தது. அளவு என்றால் சுவிஸ்தான் என்றது சுவிஸ் கிளை. கம்பி முனைக்குத் தங்கப்பூச்சு இல்லாமல் கையொப்பம் வைக்கமாட்டோம் என்றது லண்டன். மைனஸ் நாற்பது பாகைக் குளிரைத் தாங்கவேண்டும் என்று கனடா ஒற்றைக்காலில் நின்றது. நயினாதீவில் எந்த மார்கழியில் பனி கொட்டியது என்று கேட்க ஒரு ஆள் இல்லை. ஒன்றியம் முன்பு கட்டிய தண்ணீர்ப்பந்தலின் பெயர்ப்பலகையில் தன் பெயர் கடைசியாகப் போடப்பட்ட கோபத்தில் பரிஸ் கிளை எல்லாவற்றையும் எதிர்த்தது. இந்த மீற்றரில் இரத்தத்துச் சீனி வருத்தமும் பார்க்கலாமா, பார்த்தால் ஊருக்குப் பேருபகாரம் என்றார் ஒருவர். அதை ஆராய மூன்று பேர் கொண்ட உபகுழு அமைத்தார்கள்.

நிலாந்தியையும் ஒருதரம் கேட்டார்கள். "கப்பாசிற்றர் பாக்கவேணும், வயர் அறாமத் தொடுப்பா இருந்தாக் கீச்சிடவேணும். அது காணும்" என்றாள். பயனாளியின் கருத்துப் பெறப்பட்டது என்று குறிப்பில் எழுதிக்கொண்டார்கள். அந்த எட்டு மாதமும் பிறிட்ஜுகள் அவள் கடை வாசலைத் தாண்டிப் படகேறி யாழ்ப்பாணம் போயின. அவள் பயந்து திருப்பி அனுப்பினவை பாதி, அனுப்பினதைக் கேள்விப்பட்டு வராமலே விட்டவை மீதி.

ஆவணியில் மீற்றர் வந்தது. சும்மா சொல்லக்கூடாது, அருமையான மீற்றர். அதோடு லண்டன் கிளைத் தலைவர் வாகீசனும் அந்த வெயிலுக்குள் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்திறங்கினார். வாசிகசாலையில் விழா. நிறைகுடம், குத்துவிளக்கு, மீற்றருக்கு ஒரு சின்ன மல்லிகை மாலை. மீற்றர் கண்ணாடிப் பெட்டிக்குள், பெட்டியைச் சுற்றிச் சிவப்பு நாடா. சுவரில் தொங்கிய திரையில் கிளைகள் எல்லாம் முகம் காட்டின.

கனகசபை வரவேற்புரையைத் தொடங்கி, "எமது மண்ணின்" என்றார். மைக் செத்தது.

"என்னெண்டு பாரும் பிள்ளை" என்றார் நிலாந்தியிடம்.

"மீற்றரைத் தாங்கோ, ரெண்டு நிமிசத்தில சொல்லுறன்."

"அதெப்பிடி? இன்னும் நாடா வெட்டேல்லை."

"வெட்டுங்கோவன்."

வாகீசன் நிகழ்ச்சிநிரலை எடுத்துப் பார்த்தார். "முதல்ல என்ர பேச்சு. பிறகுதான் நாடா."

"அப்ப பேசுங்கோ அண்ணை."

"மைக் இல்லாமப் பேசினா கனடாவுக்குக் கேளாது. கேக்காத பேச்சை அவங்கள் கணக்கில எடுக்கமாட்டாங்கள் தங்கச்சி."

பைத்தியம் தெளிந்தால்தான் கலியாணம், கலியாணம் நடந்தால்தான் பைத்தியம் தெளியும் என்ற கணக்கில் வந்து நின்றது விழா. நிலாந்தி தன் பைக்குள் கையை விட்டாள். குமிழும் ஹோல்டரும் கையில் தட்டுப்பட்டன. அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். ஆனால் குமிழால் மைக்கைத் திருத்திக் காட்டினால், பிறகு மீற்றர் எதற்கு என்று நாலு நாடும் சேர்ந்து கேட்கும். கையை வெறுமையாக வெளியே எடுத்தாள்.

"மீற்றர் இல்லாமல் ஏலாது" என்றாள்.

ஒரு மணி நேரம் போனது. மல்லிகை வாடியது. கோட்டுக்குள் வாகீசன் அவிந்துகொண்டிருந்தார். கடைசிப் படகைப் பற்றி யாரோ ஞாபகப்படுத்தினார்கள். கனகசபைக்குப் பொறுமை போய்விட்டது. அம்பிளிபயரின் முதுகு மூடியைக் கழற்றி வீசினார். பிளக் சுவரிலேயே இருந்தது. தாம்பாளத்தில் நாடா வெட்ட வைத்திருந்த கத்தரிக்கோலை எடுத்து, "இந்த வயராத்தான் இருக்கும்" என்று சொல்லி உள்ளே நீட்டினார்.

நிலாந்தி எப்படிப் பாய்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. ஒரு கையால் விதானையாரின் கையில் ஓங்கி அடித்தாள், மற்றக் கையால் பிளக்கைப் பிடுங்கினாள். கத்தரிக்கோல் நிறைகுடத்தில் போய் விழுந்தது. பிறகு பைக்குள் இருந்த குமிழை எடுத்தாள். கப்பாசிற்றரில் வயர் முனைகளைப் பிடித்தாள். மிச்சக் கறண்ட் இறங்கிக் குமிழ் மங்கலாக ஒருதரம் மினுங்கி அணைந்தது. சுவிச்சிலிருந்து விட்டுப்போயிருந்த வயரைக் கண்டு முறுக்கிச் சுற்றி, பிளக்கைத் திரும்பப் போட்டாள். மைக் கீச்சிட்டு உயிர் வந்தது.

நாலு நாடும் கைதட்டியது. வாகீசன் மைக்கைப் பிடித்தார்.

"ஒரு கருவியும் இல்லாமல், வெறும் குமிழால் இதைச் சாதித்த எங்கள் நிலாந்தி இந்த மண்ணின் பெருமை. இப்படிப்பட்ட திறமைசாலிக்கு மீற்றர் கொடுப்பது அவரை அவமதிப்பதாகும். ஆகவே இது வருங்காலச் சந்ததி பார்ப்பதற்காக இந்த வாசிகசாலையிலேயே இருக்கும்."

நிலாந்தியின் தோளில் ஒரு பொன்னாடை விழுந்தது. அவள் மைக்கை வாங்கினாள்.

"நான் திறமைக்குக் கேக்கேல்லை. எனக்குச் சாகப் பயம். அதுக்குத்தான் மீற்றர் கேட்டனான்."

வாகீசன் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். அந்த மனிதர் உண்மையாகவே அழுதார்.

"நீர் ஒண்டுக்கும் பயப்பிடாதையும் தங்கச்சி. உமக்கு ஏதும் நடந்தால் ஒன்றியம் சும்மா இராது. இறங்குதுறையில உம்மட பேரில ஒரு நினைவு மண்டபம் கட்டுவம்."

திரையில் கைகள் உயர்ந்தன. பரிஸ்கூடக் கை உயர்த்தியது. ஒன்றியத்தின் சரித்திரத்தில் ஏகமனதாக நிறைவேறிய முதல் தீர்மானம் அது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அடுத்த நிமிடம் தரைக்குச் சலவைக்கல்லா மாபிளா என்று சுவிசும் கனடாவும் பிடுங்குப்படத் தொடங்கின. கனகசபையும் வாகீசனும் திரைக்கு முன்னால் போய் நின்று ஆளுக்கொரு பக்கம் சேர்ந்துகொண்டார்கள்.

கண்ணாடிப் பெட்டிக்கு எந்த நாட்டுப் பூட்டு என்பது இன்னும் முடிவாகவில்லை. நிலாந்தி நாடாவைக் கீழே தள்ளிவிட்டுப் பெட்டியைத் திறந்தாள். மீற்றரை எடுத்துப் பொன்னாடையில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சனத்துக்கு நடுவால் வெளியே வந்தாள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பாதி வழியில் போன் அடித்தது. கனகசபை. வருவது வரட்டும் என்று எடுத்தாள்.

"பிள்ளை, மண்டபத்தில வைக்க உன்ர நல்ல படம் ஒண்டு வேணுமாம். சிரிச்ச முகமா இருக்கவேணும் எண்டு கனடா சொல்லுது."

நிலாந்தி கக்கத்தில் இருந்ததை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அதுக்கு இப்ப அவசரமில்லை விதானையார்" என்றாள்.