பதினொண்ணம்மா முடிச்சு

சலவைக் கம்பெனிக்கு வரும் பைகளெல்லாம் வெள்ளை. ஓட்டல் விரிப்பு, மருத்துவமனைப் போர்வை, சலூன் துண்டு எல்லாம் வெள்ளைப் பையில் வந்து வெள்ளைப் பையிலேயே திரும்பிப் போகும். செவ்வாயும் வெள்ளியும் மட்டும் பின்வாசல் வழியாக ஒரு பச்சைப் பை வரும். அதில் பேரும் இருக்காது, முகவரியும் இருக்காது. யாருடையது என்று கேட்கக் கூடாது என்பது சூப்பர்வைசரின் உத்தரவு. கேட்காமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கைக்குழந்தைச் சட்டையில் தொடங்கி மீசை முளைக்கிற பையனின் சட்டை வரைக்கும் படிப்படியாகப் பதினோரு அளவுத் துணி வேறு எந்த வீட்டிலிருந்து வரும்?

பச்சைப் பையைப் பிரிப்பது மடிப்புக்காரியின் வேலை. அவளுக்கு வேறு பேர் உண்டு. ஆனால் அந்த நீள மேசையில் அவளைப் போல மடிக்க ஆள் இல்லை என்பதால் அந்தப் பேரே நிலைத்துவிட்டது. உலர்த்தும் எந்திரத்திலிருந்து சூடாக வந்து விழும் துணியை அவள் ஒவ்வொன்றாக எடுத்து உதறுவாள். உதறும்போதெல்லாம் வயிறு எரியும். கை பாட்டுக்கு வேலையைப் பார்க்கும், வயிறு பாட்டுக்கு எரியும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தொலைக்காட்சியில் "எங்க வீட்டுப் பதினொண்ணு" வரும். பதினோரு பிள்ளை பெற்ற ஒருத்தி, அவள் புருஷன், பெரிய வீடு. ஊரே அவளைப் பதினொண்ணம்மா என்றது. அவள் பிள்ளைகளை வரிசையில் உட்காரவைத்துத் தலை சீவுவாள், பெரிய பாத்திரத்தைத் துழாவுவாள், நடுவில் கொஞ்சம் அழுவாள். நிகழ்ச்சி முடிவதற்குள் ஏதாவது ஒரு கம்பெனிக்காரன் கதவைத் தட்டி ஏதாவது கொடுப்பான். ஒரு வாரம் எல்லோருக்கும் கட்டில். ஒரு வாரம் பள்ளிக்கூடச் செருப்பு, ஆளுக்கு இரண்டு ஜோடி. ஒரு வாரம் குடும்பம் முழுக்க ஏறிப் போக வேன். ஒன்று விடாமல் மடிப்புக்காரி பார்த்தாள். பார்க்காமல் இருந்தால் நிம்மதி என்று அவளுக்கே தெரியும். ஆனாலும் சொறிகிற கை சும்மா இருக்குமா?

அவளுக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவளுக்குச் சின்னதாகி விரல் மடங்கிய பழைய செருப்பு சின்னவனுக்கு வந்து, பெரிதாகிக் காலோடு வராமல் இழுபட்டது. சின்னவன் பிறந்தபோது நர்ஸம்மா, "இதோட நிறுத்திக்கம்மா, வருமானத்தைப் பார்த்துப் பெத்துக்கணும்" என்று வார்டே கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனாள். இப்போது மூன்றாவது வயிற்றில் இருந்தது. நினைத்து வந்ததில்லை. கிடங்கில் காவல் வேலை பார்க்கும் புருஷன் சேதி கேட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டே, வந்தது வந்தாச்சு, பார்த்துக்கலாம் என்றான்.

பார்த்துக்கொள்ள ஒரே ஒரு வழிதான் இருந்தது. கம்பெனியில் சேர்ந்து ஒரு வருஷம் முடிந்தவளுக்குப் பிரசவத்துக்குச் சம்பளத்தோடு விடுப்பு உண்டு, ஆஸ்பத்திரிச் செலவும் கம்பெனி பார்க்கும். அவளுக்கு வருஷம் முடிய இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அதற்குள் வயிறு வெளியே தெரிந்தவள் பேர் மறுவாரம் ஷிப்ட் பலகையில் இருக்காது. யாரும் போகச் சொல்வதில்லை, பேர்தான் இருக்காது. ஆகவே அவள் தன் அளவுக்கு இரண்டு அளவு பெரிய ரப்பர் மேலங்கியைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டு, மேசையை ஒட்டியே நின்றாள்.

கையில் வரும் துணியை வைத்து அந்த வீட்டைப் பற்றி அவளுக்குப் பல விஷயம் தெரிந்துபோயிற்று. நிகழ்ச்சியில் போடும் சட்டைகளில் அழுக்கே இருக்காது. மற்ற நாள் துணியில் இருக்கும். ஒருநாள் அந்தம்மாவின் இரவு அங்கி ஒன்று வந்தது. மார்பில் பால் கறை, தோளில் கிழிசல், அதை வேறு நிற நூலால் யாரோ அவசரத்தில் தைத்திருந்தார்கள். மடிப்புக்காரி அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் நின்றாள். அவளிடமும் அப்படி ஒன்று உண்டு. சீ, பாவம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. பிறகு வேன் ஞாபகம் வந்தது, பாவம் போய்விட்டது.

துணிகள் பிள்ளைக்குப் பிள்ளை மாறிப்போவதாக அந்த வீட்டிலிருந்து ஒருமுறை புகார் வந்தது. சூப்பர்வைசர் குதித்தார். மடிப்புக்காரி யோசிக்கவே இல்லை, தன் வீட்டில் செய்வதைச் செய்தாள். காலையில் பிள்ளைகள் எழுவதற்குள் அவள் வேலைக்குக் கிளம்பிவிடுவாள். இருட்டில் எது யாருடையது என்று இரண்டும் அடித்துக்கொள்ளக் கூடாதே என்று ஒவ்வொருவருக்கும் சட்டை, கால்சட்டை, உள்ளாடை மூன்றையும் ஒன்றாகச் சுருட்டி, அவரவர் சாக்ஸில் ஒன்றை உள்ளே செருகி, மற்றதை மேலே சுற்றி முடிச்சுப் போட்டு வைப்பாள். குதிகால் பக்கத்தை ஒரு இழுப்பு இழுத்தால் சின்னப் பிள்ளைக்கும் அவிழ்ந்துவிடும். அப்படியே பதினோரு சுருட்டு கட்டிப் பச்சைப் பையில் அடுக்கி அனுப்பினாள். அதற்கப்புறம் புகார் வரவில்லை.

இரண்டு ஞாயிறு கழிந்தது. பதினொண்ணம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் பதினோரு சுருட்டு. "இது நானே கண்டுபிடிச்சதுங்க. எல்லாரும் தூங்கினப்புறம் ஒவ்வொருத்தரா நினைச்சுக்கிட்டே கட்டுவேன்" என்றாள். கட்டிக் காட்டச் சொன்னார்கள். அவள் கை ஒரு சுற்றுச் சுற்றியது, அதோடு படத்தை வெட்டி, கட்டி முடித்த சுருட்டைக் காட்டினார்கள். பேட்டி எடுத்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சோப்புக் கம்பெனிக்காரன் கதவைத் தட்டினான். பிள்ளைகளின் படிப்பு முடிகிறவரைக்கும் செலவு அவர்களுடையதாம்.

பெரியவள் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். "அம்மா, அது நீ கட்டுறதுதானே?"

புருஷன் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, கட்டுகிறவளுக்கு வேலை, காட்டுகிறவளுக்குக் காசு, விடு என்றான். விடுவதாவது. அன்று ராத்திரி முழுக்க அது மடிப்புக்காரியைப் பிடுங்கித் தின்றது. கட்டிலைக் கொடுத்தார்கள், போகட்டும். செருப்பு, வேன், போகட்டும். தன் பிள்ளைகள் இருட்டில் அடித்துக்கொள்ளாமல் இருக்கக் கண்டுபிடித்த ஒரு முடிச்சு, அதையும் எடுத்துக்கொண்டுபோய் அவளுக்கே கொடுத்துவிட்டார்களே என்று மனசு ஆறவில்லை.

மறுநாள் கம்பெனியில் பக்கத்து மேசை இஸ்திரி அக்கா துணியைத் தேய்த்துக்கொண்டே, உன் முடிச்சு ஒரு வம்சத்தையே படிக்க வைக்குதுடி என்று சிரித்தாள். சூப்பர்வைசர் செல்போனைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாக வந்தார். இனிமேல் குழந்தைத் துணியெல்லாம் பதினொண்ணம்மா முடிச்சுத்தான், வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள் என்று எல்லோருக்கும் படத்தைப் போட்டுக் காட்டினார். மடிப்புக்காரி கட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அந்தம்மா இடது பக்கம் சுற்றுகிறார்கள், நீ வலது பக்கம் சுற்றுகிறாய், ஒழுங்காகப் பார்த்துக் கற்றுக்கொள் என்றார். அவள் இடது பக்கம் சுற்றினாள். இஸ்திரி அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள்.

அந்த இரண்டு மாதமும் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் எல்லாம் சரியாகப் போயிருக்கும். அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

அந்த வாரம் சின்னவனை அழைத்துவரப் பள்ளிக்கூட வாசலில் நின்றபோது மேலங்கி இல்லை. தாய்மார்கள் கூட்டத்தில் ஒருத்தியின் கண் நேராக அவள் வயிற்றுக்குப் போயிற்று. நல்ல மாதிரியாகத்தான் கேட்டாள்.

"மூணாவதா? இந்த விலைவாசியில எப்படிங்க சமாளிப்பீங்க?"

பக்கத்திலிருந்தவள், பிள்ளை வளர்ப்பதென்றால் பதினொண்ணம்மாவைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும், அந்த முடிச்சு ஒன்று போதாதா அவள் பொறுப்பைச் சொல்ல, பெற்றால் அப்படிப்பட்டவள் பெற வேண்டும் என்றாள். மற்றவர்கள் தலையாட்டினார்கள். மடிப்புக்காரிக்கு இத்தனை நாள் எரிந்ததெல்லாம் நாக்குக்கு ஏறிவிட்டது.

"அவ ஒரு துணியும் மடிக்கிறதில்ல. அவ வீட்டுத் துணி எங்க கம்பெனிக்கு வருது. அந்த முடிச்சு என்னோடது. பதினொண்ணும் நான் கட்டினது."

கேட்டவள் மெதுவாகச் சிரித்தாள். இன்னொருத்தி தன் பிள்ளையைக் கையைப் பிடித்து நகர்த்திக்கொண்டாள். கொஞ்ச தூரம் போனதும், பாவம், பொறாமை என்று யாரோ சொன்னது அவள் காதில் விழுந்தது. பொறாமைதான். இல்லையென்று யார் சொன்னது? பொறாமைப்படுகிறவள் சொன்னால் உண்மையும் பொய்யாகிவிடுமா என்று அவள் வழி முழுக்க மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டு நடந்தாள். சின்னவன் செருப்பு பின்னால் தரையைத் தேய்த்துக்கொண்டே வந்தது.

அந்தத் தாய்மார்களில் ஒருத்தி அதை வேடிக்கையாகச் செல்போனில் எழுதிப் போட, அது நாலு கை மாறி நிகழ்ச்சிக்காரர்களுக்கே போய்விட்டது. வெள்ளிக்கிழமை பச்சைப் பை வரவில்லை. சூப்பர்வைசர் அவளை அலமாரிகளுக்குப் பின்னால் கூப்பிட்டார். அவரும் பயந்துதான் இருந்தார். பச்சைப் பை போனால் அவர் வேலைக்கும் ஆபத்து. முதலில் அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு மேலங்கியைப் பார்த்தார், பிறகு அதன் கீழே இருப்பதும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"வாயையும் கட்டல, வயித்தையும் கட்டல. உன்னை வச்சுக்கிட்டு நான் என்னம்மா பண்றது?"

வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வளர்த்த இரண்டு பிள்ளைகள் வீட்டில் இருந்தார்கள் என்று சொல்ல நினைத்தாள். சொல்லி என்ன ஆகப்போகிறது? மேலங்கியைக் கழற்றினாள், வழக்கம்போல நாலாக மடித்து மேசையில் வைத்தாள். இஸ்திரி அக்கா வாசல் வரைக்கும் வந்து, கையில் வைத்திருந்த ரொட்டியை அவள் பைக்குள் திணித்துவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை அடுத்த தெருவிலுள்ள சலவைக்கடைக்குச் சின்னவனை அழைத்துக்கொண்டு போனாள். கண்ணாடிக் கதவில் மடிக்க ஆள் தேவை என்று ஒட்டியிருந்தது. கடைக்கார அம்மா சுவரில் மாட்டியிருந்த தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமலே உட்காரச் சொன்னார். அதே நிகழ்ச்சி. அதே கட்டில்.

விளம்பரம் வந்ததும் கடைக்கார அம்மா திரும்பினார். பதினொண்ணம்மா முடிச்சு வருமா என்று கேட்டார். இப்போது எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள், தன் கடைப் பெண்களுக்கு எத்தனை தடவை படம் போட்டுக் காட்டினாலும் பிடிபடவில்லை என்றார். மடிப்புக்காரி வரும் என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

உள்ளே இருந்த இரண்டு பெண்களையும் கூப்பிட்டார்கள். கூடையிலிருந்து ஒரு குழந்தையின் துணியை எடுத்து மடிப்புக்காரி சுருட்டினாள், செருகினாள், சுற்றினாள். கை தானாக வலது பக்கம் போயிற்று. குதிகாலை இழுத்து அவிழ்த்துக் காட்டினாள். இன்னொரு தடவை மெதுவாகக் கட்டினாள். பெண்கள் குனிந்து பார்த்தார்கள். ஒருத்தி தானே கட்டிப் பார்த்தாள், வந்துவிட்டது. கடைக்கார அம்மாவுக்குச் சந்தோஷம். நல்லா உன்னிப்பாப் பார்த்துக் கத்துக்கிட்டிருக்கீங்க என்றார்.

விளம்பரம் முடிந்தது. தொலைக்காட்சியில் பதினொண்ணம்மா எழுந்து நின்று, புருஷனைப் பார்த்துச் சிரித்து, வயிற்றில் கையை வைத்தாள். பன்னிரண்டாவது. கூடியிருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். கம்பெனிக்காரன் இந்தத் தடவை தொட்டிலோடு வந்தான். பத்தோட பதினொண்ணு, அத்தோட இது ஒண்ணு என்று இஸ்திரி அக்கா இருந்திருந்தால் சொல்லியிருப்பாள். கடைக்கார அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். எவ்வளவு பெரிய மனசு பாருங்க என்றார். துடைத்த கண்ணோடு மடிப்புக்காரி பக்கம் திரும்பியவர் அப்போதுதான் முழுதாகப் பார்த்தார்.

"அடடா. இது எத்தனாவது?"

"மூணாவதுங்க. பிரசவம் வரைக்கும் நிப்பேன். போன ரெண்டுக்கும் அப்படித்தான் நின்னேன்."

கடைக்கார அம்மா சின்னவனைப் பார்த்தார், அவன் செருப்பைப் பார்த்தார். "கொஞ்சம் யோசிச்சுப் பெத்துக்கக் கூடாதாம்மா" என்று பரிதாபமாகச் சொன்னார். பெற்று முடித்து உடம்பு தேறியதும் வரட்டும், அப்போது இடம் இருந்தால் பார்க்கலாம் என்றார். வெறும் பேச்சு இல்லை, மனசாரத்தான் சொன்னார். சின்னவனுக்கு ஒரு மிட்டாயும் கொடுத்தார்.

வெளியே வந்து, தெருவைக் கடக்க வண்டிகள் போகட்டும் என்று நின்றாள். பின்னால் கண்ணாடிக்குள் அந்த இரண்டு பெண்களும் மேசையில் மும்முரமாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். சுருட்டு சுருட்டாகக் கூடையில் விழுந்துகொண்டிருந்தது, எல்லாம் வலது பக்க முடிச்சு. அவர்கள் தலைக்கு மேலே பதினொண்ணம்மா இன்னும் வயிற்றில் கையை வைத்தபடி நின்றுகொண்டிருந்தாள். கைதட்டல் கதவுக்கு வெளியேயும் கேட்டது.

மடிப்புக்காரியின் கையும் அதே இடத்தில்தான் இருந்தது. சின்னவன் கழன்ற செருப்பைத் தேடிக் குனிந்தான். அவனைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்ததால் கையை எடுத்தாள்.