ஏழாம் நம்பர் போர்

திருச்செங்கோட்டில் தனப்பிரியாவின் வீட்டு முன்னறைதான் போர்வெல் ரிக் ஆபீஸ். கணவன் சபரிநாதன் போர் போடும் வண்டியோடு மாதக்கணக்கில் வெளிமாநிலங்களில் இருப்பான். எத்தனை அடியில் பாறை, எத்தனை அடியில் தண்ணீர் என்று அவன் கிறுக்கி அனுப்புவதை இவள் தட்டச்சு செய்து, வேலை கொடுத்தவர்களுக்கு அனுப்புவாள்.

ஒரு சனிக்கிழமை காலை சபீஹா என்ற அதிகாரி வந்தார். அணு எரிபொருள் ஆலைகளைக் கண்காணிக்கும் அலுவலகத்தில் வேலை. பிறந்தது சேலம் ஃபேர்லேண்ட்ஸ். தமிழ் தெரிந்தவர் என்று அவரையே அனுப்பியிருந்தார்கள்.

"ரெண்டு வருஷம் முந்தி வெளிமாநிலத்துல ஒரு யுரேனியம் ஆலையில, கழிவுக் குளத்தச் சுத்தி பன்னெண்டு போர் போட்டீங்கல்ல?"

"ஆமாங்க. குளம் கசியுதான்னு தண்ணி எடுத்துப் பாக்கறதுக்குன்னு சொன்னாங்க."

"ஏழாவது போர் குளத்துக்குக் கீழ பள்ளத்துல இருக்குன்னு உங்க பேப்பர் சொல்லுது. ஆனா அதுல தண்ணி நிக்கிற மட்டம் குளத்த விட உசரம். தண்ணி மேடேறுமா?"

"அவர்கிட்ட கேட்டுச் சொல்றனுங்க" என்றாள் தனப்பிரியா. திங்கட்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டு சபீஹா கிளம்பினார்.

கேட்க வேண்டிய அவசியமே இல்லை. அவளுக்குத் தெரியும். பள்ளத்தில் போட்ட ஏழாவது போரை ஒரே மாதத்தில் சிமெண்ட் ஊற்றி மூடச் சொன்னார் ஆலை ஒப்பந்தக்காரரின் ஆள் மதன். அதற்குப் பதிலாகக் குளத்துக்கு மேலே மேட்டில் புதிதாக ஒன்று போட வைத்தார். "பேப்பர்ல பழைய இடமே இருக்கட்டும்மா, இடம் மாறுனா ஆபீஸ்ல தொந்தரவு" என்று போனில் சொன்னார். அவளும் அப்படியே அடித்து அனுப்பினாள். ஏன் என்று கேட்கவில்லை.

சபரிநாதன் அந்த வாரம் குமாரபாளையத்தில் ஒரு தறிப்பட்டறைக்குப் போர் போட்டுக்கொண்டிருந்தான். மதியமே பஸ் ஏறிப் போனாள். இரைச்சல் எட்டாத தூரத்துக்கு அவனைக் கூட்டிப்போய் நடந்ததைச் சொன்னாள்.

"மதன் சாரும் காலையில கூப்ட்டாரு" என்றான் அவன். "பழைய பேப்பர் இருந்தாக் கிழிச்சுப் போடச் சொன்னாரு. வருசத்துல பாதி வேலை அவிங்க குடுக்கறது தனம்."

"கிழிச்சிரலாங்களா?"

"அந்தப் பள்ளத்துக்குக் கீழ ஒரு சின்ன ஊரு இருக்குது. ஏழாவது போர்ல தண்ணி பீச்சுனப்ப அந்தச் சனமெல்லாம் ஓடியாந்து பாத்தாங்க. இங்க தொண்ணூறு அடியில தண்ணியான்னு கேட்டாங்க. நல்ல தண்ணிதான், உங்கூர்லயும் போடுங்கன்னு நாந்தான் சொன்னேன். அடுத்த மாசமே அடிபம்பு போட்டுட்டாங்க" என்றான்.

தனப்பிரியா அவன் முகத்தையே பார்த்தாள். "மூடச் சொன்னப்பவாவது தண்ணி கெட்டுப் போச்சுன்னு உங்களுக்குத் தோணலியா?"

"தோணுச்சு. வாயத் தொறக்கல."

திங்கட்கிழமை சபீஹாவிடம் சபரிநாதனின் கையெழுத்தில் இருந்த பழைய தாளையும், மேட்டில் போட்ட போரின் தாளையும் கொடுத்தார்கள். மாற்றி அடித்தது தான்தான் என்று தனப்பிரியா எழுதிக் கையெழுத்துப் போட்டாள். சபீஹா படித்துவிட்டு, "இது உங்க மேலயும் திரும்பும், தெரியுமில்ல?" என்றார்.

"தெரியுங்க."

அந்த வாரமே மதன் தரப்பு வேலைகள் நின்றன. வண்டி பாதி நாள் சும்மா நின்றது. மழை முடிந்து சபீஹா போனில் கூப்பிட்டார். மூடிய போருக்குப் பக்கத்தில் புதிதாகத் துளை போட்டுப் பார்த்ததில், தண்ணீரில் யுரேனியம் அனுமதித்த அளவைப் போலப் பல மடங்கு இருந்ததாம். அந்த ஊரின் அடிபம்பிலும் இருந்ததாம். பம்பைப் பூட்டிவிட்டு லாரியில் தண்ணீர் விடுகிறார்கள். ஆலைக்கு நோட்டீஸ் போயிருக்கிறது.

"பம்பை ஏன் பூட்டுனாங்கன்னு ஊர்க்காரங்களுக்குத் தெரியுங்களா?" என்று கேட்டாள் தனப்பிரியா.

"ரிப்பேர்னு சொல்லி வெச்சிருக்காங்க. உண்மையச் சொல்லச் சொல்லி ஆலைக்கு எழுதியிருக்கோம்."

கணவனும் மனைவியும் அந்த ஊருக்கு ரயிலேறினார்கள். அங்கே தண்ணீர் லாரியின் பின்னால் வரிசையில் நின்ற ஒரு பெண் சபரிநாதனை அடையாளம் கண்டு சிரித்தாள். மறுபடியும் போர் போடவா வந்தாய் என்று கேட்டாள். பம்பை உண்மையில் ஏன் பூட்டினார்கள் என்று, அவர்கள் மொழியில் தனக்குத் தெரிந்த அரைகுறைப் பேச்சில் அவன் சொன்னான். முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் குடத்தைக் கீழே வைத்துவிட்டு மற்றவர்களைக் கூப்பிட்டாள். கொஞ்ச நேரத்தில் ஊரே சூழ்ந்துகொண்டது. ஒருவர் அவன் சட்டையைப் பிடித்தார். அவன் விலக்கவில்லை.

இத்தனை நாள் பிள்ளைகள் குடித்தார்களே, அதற்கு என்ன செய்வது என்று அந்தப் பெண் கேட்டாள். சபரிநாதன் அதைத் தமிழில் சொன்னான். தனப்பிரியா பையிலிருந்து நோட்டை எடுத்தாள். மருத்துவப் பரிசோதனை கேட்டு சபீஹாவுக்கு அனுப்ப, வீடு வீடாகப் போய் அந்தப் பம்புத் தண்ணீர் குடித்தவர்களின் பெயர்களை எழுதத் தொடங்கினாள்.