கிழக்குச் சரிவில் காலி இடம்

மதுரைக்காரர்களுக்கு மலை என்றால் பரங்குன்றம், அழகர்மலை. துரைமார்களுக்கு வேறொரு மலை இருந்தது. சித்திரை பிறந்ததும் வெயிலை நமக்கு விட்டுவிட்டு அங்கே ஏறிக்கொள்வார்கள். 1945இல் அந்த மலைநகருக்கு நூறு வயது ஆகிவிட்டதென்று ஒரு குழு கூடிக் கண்டுபிடித்தது. அதற்கு முன்னால் மலை எங்கே இருந்தது என்று யாரும் கேட்கவில்லை.

குழு எழுதிய வரலாற்றைத் தமிழில் பெயர்த்து அச்சடிக்கும் வேலை, காஜிமார் தெருவில் ஷேக் தாவூதின் அச்சகத்துக்கு வந்தது. நன்கொடை தந்த ஜமீன்தார்களுக்கும், மலையில் வேலை பார்க்கும் மேஸ்திரிகளுக்கும் தமிழ்ப் பிரதி. பெயர்த்தவன் ஷேக் தாவூதின் அண்ணன் மகன் அப்துல் அலீம். பி.ஏ. படித்தவன், வயது இருபத்தாறு. மனைவி சைனப் மௌத்தாகி எட்டு மாதம். மறு நிக்காஹ் பேசிப் பேசி வீட்டார் ஓய்ந்துவிட்டார்கள். அச்சகத்துக்கு வருகிறவர்களை அவன் உட்காரச் சொல்வதுகூட இல்லை.

ஒரு நாளைக்கு நாலு பக்கம் பெயர்த்தான். 'ஆளே இல்லாத மலையை நாங்கள் கண்டடைந்தோம்' என்று தொடங்கியது புத்தகம். அடுத்த பக்கத்தில் அந்த இல்லாத ஆட்கள் வழிகாட்டினார்கள், தேன் கொடுத்தார்கள், மூட்டை சுமந்தார்கள். ஒரு ஜட்ஜ் துரை, 'சிறு தாமதம் ஒன்றைத் தவிர, ஒரே நாளில் மலை ஏறினேன்' என்று எழுதியிருந்தார். கனத்த துரைக்குப் பன்னிரண்டு ஆள் என்பது அந்தக் காலத்து டோலிக் கணக்கு. பன்னிரண்டு பேர் தோளில் உட்கார்ந்து போனதற்கு இங்கிலீஷில் 'ஏறினேன்' என்று பெயர். அலீம் அப்படியே பெயர்த்தான்.

கடைசிப் பக்கத்தில் ஒரு வரைபடம். கிளப், சர்ச், டென்னிஸ் மைதானம், நாய்களின் கல்லறைத் தோட்டம். கிழக்குச் சரிவில் ஒரு சதுரம்: 'காலி இடம். இங்கே நூற்றாண்டு ரோஜாத் தோட்டம் அமையும்.'

அலீம் பேனாவை வைத்துவிட்டான்.

அது காலி இடம் அல்ல. துரைமார் வீட்டுச் சமையல்காரர்கள், பட்லர்கள் அடங்கியிருக்கும் மையவாடி. சைனப் அங்கேதான் இருந்தாள். மார்ச்சளிக்கு மலைக்காற்று நல்லது என்று டாக்டர் சொல்லி, கூட்டிப் போயிருந்தான். நம்மவர்களுக்கு வாடகைக்கு வீடு இல்லை என்றார்கள். வீடுகளோ வருடத்தில் பத்து மாதம் பூட்டியே கிடந்தன. ஒரு பட்லரின் தகரக் கொட்டகையில் பத்தொன்பது நாள் இருந்தாள். தலைமாட்டில் அவள் பெயர் வெட்டிய ஒரு மீஸான் கல் நட்டுவிட்டு அவன் தனியே இறங்கி வந்தான்.

இனி அந்தக் கல்லையும் பிடுங்கி ரோஜா நடுவார்கள்.

அந்தப் பக்கத்தை அவன் கம்பாசிட்டரிடம் கொடுக்கவில்லை. தானே எழுத்துக் கோத்தான்: 'இது முஸ்லிம்களின் மையவாடி. இங்கே மண்வெட்டி படக் கூடாது. குழுவின் உத்தரவு.'

புரூஃப் வாங்க வந்தவர் குழுவின் குமாஸ்தா நல்லகாமன், பேரையூர்ப் பக்கத்துக்காரர். நின்றபடியே கடைசிப் பக்கத்தைப் படித்தார்.

"மாப்ள, இங்கிலீஷ்ல ஒண்ணு இருக்கு. நீ ஒண்ணு போட்டிருக்க."

"தப்பா இருக்கா மாமா?"

"உண்மையால்ல இருக்கு! அதான் வம்பு. குழுச் செகரட்டரி தொரை கண்டா என் சோத்துல மண்ணு."

"அவருக்குத் தமிழ் வாசிக்க வருமா?"

"இங்க வந்து இருபத்தெட்டு வருசம். 'சீக்கிரம்', 'போடா', 'சுடுதண்ணி'. அம்புட்டுத்தான். எழுத்தக் காட்டுனா எறும்பு ஊருதும்பாரு."

அலீம் வரைபடத்தின் கிழக்குச் சரிவில் விரலை வைத்தான். நல்லகாமன் குரலைத் தணித்துக்கொண்டார்.

"ஒன் வீட்டுக்காரி அங்கயா?"

"ஆமா."

அவர் பக்கங்களைப் புரட்டினார். நாய்களின் கல்லறைப் பட்டியலில் விரல் நின்றது.

"இந்த நாய்க்கு எம்புட்டு எடம் குடுத்துருக்கான் பாரு. பொறந்த தேதி, செத்த தேதி, 'உற்ற தோழன்'. எங்கய்யா பேயாண்டி அந்த ஜட்ஜுத் தொரைய டோலியில தூக்கிட்டுப் போயித்தான் நெஞ்சடைச்சு விழுந்தாரு. ஓரமாக் கெடத்திட்டு வேற ஆளு மாத்துனாங்களாம். அதுக்குப் புஸ்தகத்துல என்ன இருக்கு?"

"சிறு தாமதம்னு இருக்கு."

நல்லகாமன் சிரித்தார். நல்ல சிரிப்பில்லை அது.

"அப்ப நாய்க்கு மேல எங்கய்யா பேரப் போடு. ஊரோட போடு. நான் கையெழுத்து வாங்கிட்டு வாரேன்."

நாய்களுக்கு மேலே பேயாண்டியின் பெயரை ஊரோடு கோத்துக் கொடுத்தான் அலீம். நான்காம் நாள் நல்லகாமன் வந்தார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'அச்சிடலாம்' என்பதற்கான கையெழுத்து. "டீ குடிச்சுக்கிட்டே முப்பத்தாறு போட்டாரு. எழுத்தெல்லாம் லட்சணமா இருக்குன்னு ஒனக்குப் பாராட்டு வேற."

ஐப்பசியில் தோட்டத்துக்கு மண் வெட்டப் போன மேஸ்திரி சின்னக்கருப்பன், புத்தகத்தை விரித்துப் பார்த்துவிட்டு ஆட்களை நிறுத்திவிட்டார். அடுத்த வாரம் நல்லகாமன் அச்சகத்துக்கு வந்து, உட்காராமலே சொன்னார்.

"விழாவுக்கு வந்த பெரிய தொரைங்க பூராம் நிக்கிறாங்க மாப்ள. நம்ம செகரட்டரி குதிக்கிறாரு, ஏன்டா வெட்டலன்னு. மேஸ்திரி புஸ்தகத்த நீட்டுறான். 'நீங்கதான் வெட்டக் கூடாதுன்னு உத்தரவு போட்டீக.' என்னைய வாசிக்கச் சொன்னாரு. வாசிச்சு இங்கிலீஷ்ல சொன்னேன். ஒப்புக் குடுத்த புரூஃபையும் காட்டினேன்."

"என்ன சொன்னார்?"

"என்னத்தச் சொல்லுவாரு? வாசிக்கத் தெரியாமக் கையெழுத்துப் போட்டேன்னு அம்புட்டுப் பேரு முன்னாடி சொல்ல முடியுமா? தன் கையெழுத்தையே கொஞ்ச நேரம் பாத்தாரு. அப்புறம், 'ஆமா, நான்தான் உத்தரவு போட்டேன், ஏழைகள் மேல இரக்கம்'னாரு. எல்லாரும் கை தட்டுனாங்க."

ரோஜாத் தோட்டம் கிளப்புக்குப் பின்னால் போய்விட்டது. இங்கிலீஷ் புத்தகத்தில் கிழக்குச் சரிவு இன்றைக்கும் காலி இடம்தான்.

"கல்லு இருக்கா மாமா?" என்று கேட்டான் அலீம்.

"மழையில சாஞ்சு கெடந்துச்சு. நிமித்தி மண் அணைச்சுட்டுத்தான் வாரேன்."

அலீம் ஸ்டூலை இழுத்து அவர் பக்கம் போட்டான். தெருமுனைக் கடையில் இரண்டு டீ சொல்லிவிட்டு வந்தான். சைனப் போன பிறகு அவன் ஒருவரை உட்காரச் சொன்னது அன்றுதான்.