அம்மா மாட்டிய ஃப்ளைவீல்

தம்பி அந்த இரும்புத் தட்டை இரண்டு கையாலும் தூக்கி அக்காவுக்குக் காட்டினான்.

"பாத்தியாக்கா, என்னா கனம்! இன்ஜின் இதைச் சுத்தறதுக்கே பாதி உசிரை விட்டுடும். லேத்ல குடுத்து ஓரத்தைக் கடைஞ்சு எடுத்தா வண்டி பறக்கும்."

இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் அந்தத் தட்டுக்குப் பெயர் ஃப்ளைவீல். கனமாக இருந்தால் வண்டி நிதானமாகக் கிளம்பும், கிளட்ச்சை முன்னே பின்னே விட்டாலும் பொறுத்துக்கொள்ளும். லேசாக இருந்தால் இன்ஜின் சட்டென்று சீறும், கொஞ்சம் தப்பினாலும் நின்றுவிடும். இதைத் தம்பி அவளுக்கு விளக்கிக்கொண்டிருந்தான். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவளுக்கு, டயர் கடைக்காரன் பாடம் எடுத்துக்கொண்டிருந்தான். போகட்டும் என்று கேட்டுக்கொண்டாள்.

கார் அம்மாவுடையது. இரண்டு பக்கமும் பிரேக்கும் கிளட்ச்சும் வைத்த பழைய டிரைவிங் ஸ்கூல் கார். ஊரில் பாதிப் பேர் அதில்தான் ஸ்டியரிங் பிடித்தார்கள். அம்மா பக்கத்துச் சீட்டில் மடியில் கைப்பையோடு உட்கார்ந்து, "அவசரம் ஒண்ணுமில்ல, ரோடு எங்கயும் ஓடிடாது" என்று சொல்லிக்கொண்டே வருவார். கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. வெயிலில் சூடான அந்த சீட்டின் வாசனையும் அம்மாவின் முகப்பவுடர் வாசனையும் சேர்ந்து ஒன்று உண்டு. கதவைத் திறந்தால் அக்காவுக்கு இன்னும் அது வருகிற மாதிரிதான் இருக்கும். அம்மா போனபின் அக்கா புது வண்டிகள் வாங்கினாள். இதை மட்டும் விற்க இருவருக்கும் மனசு வரவில்லை.

இப்போது பழைய கார்களுக்கென்று மலைப்பாதையில் ஒரு பந்தயம் வைக்கிறார்களாம். தம்பிக்கு அதில் அம்மாவின் காரை ஓட்டியே தீர வேண்டும். வீட்டில் அவன் பெயரே ராக்கெட். வண்டி ஓட்டப் பழகியதிலிருந்தே, கிளட்ச் மிதிக்கும் தன் இடது காலைப் பற்றி அவனுக்குத் தலைகால் புரியாத பெருமை. "எனக்குக் கிளட்ச் யாரும் சொல்லித் தரல, தன்னால வந்துச்சு" என்று கல்யாண வீடு, சாவு வீடு பார்க்காமல் சொல்லுவான்.

தன்னால வரவில்லை. அது அக்காவுக்கு மட்டும்தான் தெரியும்.

பதினெட்டு வயதில் அவனை அம்மா கடைத்தெரு மேட்டில் ஓட்ட வைத்தார். சிக்னலில் வண்டி நின்றது. கிளப்பினான், குலுங்கி நின்றது. மறுபடி கிளப்பினான், மறுபடி நின்றது. பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. பஸ் ஜன்னலில் அவன் வகுப்புப் பசங்க தலைகள். அவன் கதவைத் திறந்து இறங்கி, அம்மாவையும் காரையும் நடுரோட்டில் விட்டுவிட்டு விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்துவிட்டான். வந்து சுவரைப் பார்த்துப் படுத்தவன், இனி வாழ்நாளில் ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை என்றான். சாப்பாடுகூட வேண்டாமாம்.

அடுத்த நாள் அம்மா அக்காவையும் அழைத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் போனார். வண்டி நிற்காத மாதிரி ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டார். மெக்கானிக் தலையைச் சொறிந்துவிட்டு, இதே இன்ஜின் வேனிலும் வருகிறது, அதன் ஃப்ளைவீல் இன்னும் கனம், மாட்டிப் பார்க்கலாம் என்றார். மாட்டினார்கள். திரும்பி வரும்போது அம்மா சொன்னார்: "தம்பிகிட்ட மூச்சு விடாத. தன்னால வந்துச்சுன்னு நினைக்கட்டும். அப்பதான் நிஜமாவே வரும்."

ஒரு வாரம் கெஞ்சிக் கூத்தாடி அவனை மறுபடி அதே மேட்டுக்குக் கூட்டிப் போனார். கார் சொன்ன பேச்சுக் கேட்டு நகர்ந்தது. அன்று அவன் கால் தரையில் பாவவில்லை. ராக்கெட் என்று அம்மா பெயர் வைத்தது அன்றைக்குத்தான்.

அந்தத் தட்டைத்தான் இப்போது கடையப் போகிறான்.

"கடைய வேணாம்டா. லேசா புதுசு விக்கிறாங்கல்ல, அதை வாங்கி மாட்டு. இதைக் கழட்டி அப்படியே வெச்சிடலாம்."

"அம்மா கார்ல எவனோ செஞ்ச பார்ட்டா? அம்மா ஓட்டின வீலே இருக்கணும்க்கா. அதுக்காகத்தான் கடையலாங்கறேன்."

"கடைஞ்சா அது அம்மா ஓட்டினதா இருக்குமா? சீவின இரும்பை நாளைக்குத் திரும்ப ஒட்ட முடியுமா? புதுசு போட்டா, வேணாம்னா கழட்டிட்டு இதையே மாட்டிக்கலாம். அதோட இது வார்ப்பு இரும்பு. ரொம்ப மெலிஞ்சா வேகத்துல வெடிக்கும்."

"அளவாதான் எடுப்பாங்க. எடுத்து பேலன்ஸும் பாத்துடுவாங்க. நீ என்னக்கா, என்னமோ உன் கையைக் காலை அறுக்கிற மாதிரி!"

ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. வாய் வரைக்கும் வந்ததை மென்று விழுங்கினாள். அவன் ஒற்றைக் காலில் நின்றான். பிடிவாதத்தில் அம்மாவையே உரித்து வைத்தவன்.

லேத் பட்டறைக்கு அவளும் கூடப் போனாள். எவ்வளவு எடுத்தோம் என்று தெரிய வேண்டுமே என்று பட்டறைக்காரர் முதலில் அதைத் தராசில் வைத்தார். தம்பி போனைத் திறந்து கம்பெனி கொடுத்த எடையைப் பார்த்தான். தராசைப் பார்த்தான். மறுபடி போனைப் பார்த்தான்.

"ரெண்டு கிலோவுக்கு மேல கூட இருக்கே. தராசு சரிதானே?"

"தராசுக்கு என்ன கேடு?" என்றார் பட்டறைக்காரர். தட்டைத் திருப்பிப் பின்பக்கத்தில் பொறித்திருந்த பார்ட் நம்பரைத் துடைத்துக் காட்டினார்.

தம்பி அந்த நம்பரைப் போனில் தேடினான். முகம் சிவந்துபோயிற்று. "வேனோடது! அந்த மெக்கானிக் அம்மாவை ஏமாத்திருக்கான்க்கா! நல்ல வீலை உருவிக்கிட்டு, எவன் வேன்லயோ கழட்டினதைத் தலையில கட்டிட்டான். அம்மாவும் அவனை நம்பி, கடைசி வரைக்கும் வண்டியை அவன்கிட்டயே விட்டாங்க பாரு. திருட்டுப் பய! அண்ணே, பாவபுண்ணியம் பாக்காதீங்க, பாதியைச் சீவிடுங்க."

பட்டறைக்காரர் தட்டை லேத்தில் பிடித்து இறுக்கினார். மோட்டார் சுவிட்சில் கை வைத்தார்.

"நிறுத்துங்க!" அக்கா போட்ட சத்தத்தில் பக்கத்து மெஷின்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். "அவரைத் திருடன்னு சொல்லாதடா. அம்மாதான் மாட்டச் சொன்னாங்க. உனக்காக மாட்டினது."

மேட்டையும் பஸ்ஸையும் அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தட்டைப் போட்டது எப்போது என்று மட்டும் சொன்னாள். அவன் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தது.

"அப்போ நான் ஓட்டலையா?"

"ஓட்டினது நீதான்டா. நிக்காம அது பாத்துக்கிச்சு, அவ்வளவுதான்."

அவன் பட்டறையை விட்டு இறங்கி, ரோட்டில் விறுவிறுவென்று நடந்தான். அதே நடை. அன்றைக்கு அம்மாவுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அக்காவுக்கு இப்போதுதான் தெரிந்தது. கொடுத்த வாக்கையும் காப்பாற்றவில்லை, தம்பியின் பெருமையையும் உடைத்துவிட்டோம் என்று தன்னையே நொந்துகொண்டாள். தட்டை வாங்கித் தன் வண்டியில் பக்கத்துச் சீட்டில் வைத்து ஓட்டி வந்தாள்.

பல நாள் பேச்சில்லை. போன் செய்தாலும் எடுக்கவில்லை. பந்தயத்துக்குக் கொஞ்ச நாள் இருக்கையில் ஒரு காலையில் அம்மாவின் கார் நிற்கும் ஷெட்டிலிருந்து ஸ்பேனர் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தாள். காருக்கு அடியில் தம்பியின் கால்கள்.

"புதுசு வாங்கிட்டியா?"

"பேசாம அந்த விளக்கைக் கொஞ்சம் இப்படிக் காட்டு."

காட்டினாள். அவன் போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தது பழைய கனமான தட்டைத்தான். விளக்கை இன்னும் கிட்டத்தில் பிடித்தாள்.

பந்தயத்தன்று அவள் ஒரு மாணவியை ஓட்டவிட்டுப் பக்கத்தில் இருந்தபோது போன் வந்தது. ஓரமாக நிறுத்தச் சொன்னாள்.

"கடைசிக்கு முந்தின இடம்க்கா" என்றான் தம்பி.

"போனாப் போகுது விடுடா."

"ஸ்டார்ட் பண்ற இடமே செங்குத்து மேடு. எனக்கு முன்னாடி ஒரு பையன், லேசான வீல் போட்டவன். வண்டி நின்னு நின்னு போச்சு. எல்லாரும் ஹாரன் அடிக்கிறாங்க. கதவைத் திறந்து இறங்கப் பாத்தான்க்கா."

"அப்புறம்?"

"நான் இறங்கிப் போய் அவன் ஜன்னல்கிட்ட நின்னேன். அவசரம் ஒண்ணுமில்ல தம்பி, ரோடு எங்கயும் ஓடிடாதுன்னேன். கிளம்பிட்டான். அவன் ரெண்டாவதா வந்துட்டான், அது வேற கதை."

அக்கா சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நம்ம வண்டி?"

"நிக்கலக்கா. ஒரு தடவைகூட நிக்கல."