மூன்றாவது ஹோம் ரன்

எங்கள் வியாழக்கிழமை சாஃப்ட்பால் லீக்கில் ஒரு டீமுக்கு ஓர் ஆட்டத்தில் மூன்று ஹோம் ரன்தான். பந்து வேலியைத் தாண்டி விழுந்தால் அடித்தவர் மைதானத்தின் நான்கு மூலைகளான பேஸ்களையும் சாவகாசமாகச் சுற்றி வரலாம். அது மூன்று தடவை வரைக்கும். நான்காவது தடவை எந்தப் பந்து வேலியைத் தாண்டினாலும் அடித்தவர் அவுட்.

காரணம் இருக்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம் ஹார்வி ஷூமேக்கரின் சோயா வயல். விதி வருவதற்கு முன்னால், பீர் தொப்பை வைத்த நாற்பது வயது ஆண்கள் ஆட்டத்துக்கு இருபது பந்தை அங்கே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஆட்டம் முடியவில்லை, பந்துகள் தீர்ந்தன, ஷூமேக்கரின் அறுவடை இயந்திரத்துக்குள் ஒரு பந்து போய் மாட்டியது. அதற்குப் பிறகு இரண்டு விதிகள் வந்தன. மூன்றுதான் என்பது ஒன்று. அடித்தவரே வயலுக்குள் போய்ப் பந்தை எடுத்துவர வேண்டும் என்பது இன்னொன்று.

டீமில் ஐந்து ஆண்கள், ஐந்து பெண்கள். விதியில் ஆண், பெண் என்ற பேச்சே கிடையாது. அந்த மூன்றை யார் அடிப்பது என்பதைக் கேப்டன் முடிவுசெய்வார். எங்கள் கேப்டன் ட்ராய் கெஸ்லர் ஆட்டத்துக்கு முன்னால் ஒரு வெள்ளை டேப்பில் மூன்று பெயர் எழுதி, நாங்கள் உட்காரும் கூண்டின் கம்பத்தில் ஒட்டுவார். ட்ராய், கர்ட், டேல். டேல் அவருடைய மச்சான். மற்ற ஏழு பேரும் தரையோடு அடிக்க வேண்டும்.

நான் ஷெல்பி ரௌஷ். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி. படித்தது புள்ளியியல், பார்ப்பது கவுன்ட்டி சாக்கடைத் துறையில் வேலை. டீமில் என் பெயர் "காலேஜ்". பன்னிரண்டு ஆட்டத்தில் முப்பத்தாறு ஹோம் ரன்னுக்கு இடமிருந்தது என்றும், அதில் பெண்கள் அடித்தது பூஜ்யம் என்றும் நான் சொன்னபோது, "இதுக்குத்தான் நாலு வருஷம் படிச்சியா?" என்று கர்ட் கேட்டான்.

வசந்தம் முழுக்க எங்கள் கொட்டகைக்குப் பின்னால் வலை கட்டி, வேலை முடிந்து வந்த அப்பா ஒரு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்துகொண்டு எனக்குப் பந்து போட்டார். தினமும் இருநூறு. ஜூன் மாதம் பயிற்சியில் வேலியைத் தாண்டினேன். ஜூலையில் அடிக்கடி தாண்டினேன். ஆட்டத்தில் ஒன்று, ஸ்கோர் புத்தகத்தில் ஒன்று. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

இறுதி ஆட்டத்துக்கு முந்தின வாரம், கோழி இறக்கைகளைக் கடித்துக்கொண்டிருந்த ட்ராயிடம் எல்லார் முன்னாலும் கேட்டேன்.

"டேல் இந்த வருஷம் பத்து அடிச்சாச்சு. ஃபைனல்ல மூணாவது எனக்கு வேணும்."

"அட, எடுத்துக்கோ கண்ணு! இதுக்கு ஏன் மூஞ்சிய இப்படி வச்சிருக்கே?"

"எழுதி ஒட்டுவீங்களா?"

"ஒட்டறேன்மா தாயே. வக்கீல வேணா கூட்டிட்டு வா."

இறுதி ஆட்டத்தன்று ஒட்டினார். ட்ராய், கர்ட், ஷெல்பி. டேல் அன்று என்னோடு பேசவில்லை.

இறுதி ஆட்டம் பல் டாக்டர்கள் டீமோடு. நாங்கள் தானியக் கிடங்கு டீம். அப்பா மெர்ல் அங்கே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். பத்தொன்பது வருஷமாக டீமில் இருக்கிறார், ஒரு கோப்பைகூட வந்ததில்லை. அந்த வாரம் கிடங்கு கேன்டீனில் மைக்ரோவேவுக்குப் பக்கத்து அலமாரித் தட்டிலிருந்து காபி டின்னை எடுத்துக் கீழே வைத்துவிட்டார். கோப்பைக்கு இடம் வேண்டுமாம்.

முதல் இன்னிங்ஸில் ட்ராய் ஒன்று அடித்தார். மூன்றாவதில் கர்ட். இரண்டு பேரும் வயலுக்குள் போய் வந்தார்கள். எனக்கு இரண்டு தடவை ஆட வாய்ப்பு வந்தது. ஒன்று வேலிக்கு ஆறடி முன்னால் இறங்கியது, தரையில் விழுவதற்குள் ஓடி வந்து பிடித்துவிட்டார்கள். இன்னொன்று சாதாரண அடி.

ஐந்தாவது இன்னிங்ஸில் நாங்கள் இரண்டு ரன் முன்னால் இருந்தோம். பேஸில் யாரும் இல்லை. ட்ராய் வந்து முழுக் கையையும் வீசினார். பந்து வேலியின் மேல் கம்பியை உரசிக்கொண்டு அந்தப் பக்கம் விழுந்தது. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு சுற்றி வந்தார், வயலுக்குப் போய்ப் பந்தை எடுத்து வந்தார், பிறகுதான் கம்பத்தைப் பார்த்தார்.

"ஐயோ, காலேஜ்… கை மீறிப் போயிடுச்சும்மா."

"சரி."

"அடுத்த வருஷம் உனக்கு ரெண்டு."

"சரி."

ட்ராய் கெட்டவர் இல்லை. போன பனிக்காலத்தில் எங்கள் வீட்டுக் கொதிகலனைக் காசு வாங்காமல் பழுதுபார்த்தவர். அதனால் எனக்குக் கோபம் குறைந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

ஏழாவது, கடைசி இன்னிங்ஸ். இப்போது நாங்கள் ஒரு ரன் பின்னால். இரண்டு பேர் அவுட். மூன்றாவது பேஸில் அப்பா, இரண்டாவதில் கர்ட். ஆட வேண்டியது நான். ஒரு சுத்தமான அடி போதும். அப்பா வந்தால் சமன், கர்ட்டும் வந்தால் கோப்பை. வேலியைத் தாண்டினால் நான் மூன்றாவது அவுட், ஆட்டம் முடிந்தது.

ட்ராய் கூண்டிலிருந்து கத்தினார்: "தரையோட அடி கண்ணு! தரையோட! குட்டியா ஒண்ணு!"

பெண்கள் ஆடும்போது பந்து மாறும், கொஞ்சம் சின்னது. அம்பயர் பெர்னி இடுப்புப் பையிலிருந்து அதை எடுத்துப் பந்து போடுபவரிடம் எறிந்தார். வலது ஓரத்தில் நின்ற பல் டாக்டர், நான் பெண் என்பதால், பதினைந்து அடி முன்னால் வந்து நின்றுகொண்டார். வந்தவர் பக்கத்தில் இருந்தவரோடு பேச ஆரம்பித்தார்.

பந்து வருகிற வரைக்கும் தரையோடு அடிக்கத்தான் நினைத்தேன். சத்தியமாக. அப்பா வலிக்கிற முழங்காலில் கை வைத்துக்கொண்டு மூன்றாவது பேஸில் நின்றிருந்தார். அந்தக் காபி டின் எனக்கு ஞாபகம் இருந்தது.

பந்து உயரமாக வளைந்து, நிதானமாக இறங்கி வந்தது. வாளியில் உட்கார்ந்து அப்பா போடுகிற அதே பந்து.

சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. பல் டாக்டர் திரும்பக்கூட இல்லை, தலையை மட்டும் தூக்கிப் பார்த்தார். பந்து வேலிக்கு மேலே போனது, வேலியைத் தாண்டியும் போய்க்கொண்டே இருந்தது.

"அவுட்," என்றார் பெர்னி. "ஆட்டம் முடிஞ்சது." பிறகு முகமூடியைக் கழற்றிக்கொண்டு, "நல்ல அடிம்மா," என்றார்.

பல் டாக்டர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ட்ராய் தொப்பியைத் தரையில் எறிந்தார்.

"என்ன பண்ணித் தொலைச்சே? மூணு முடிஞ்சுதுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். கை மீறிப் போயிடுச்சு."

கர்ட் இரண்டாவது பேஸிலிருந்து நடந்து வந்தவன் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, ட்ராயைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

ஸ்கோர் புத்தகம் ட்ராயின் மனைவி மிஸ்டியிடம். "என்ன போடட்டும்?" என்று கேட்டாள்.

"அவுட்னு போடுங்க. ரூல் அதுதானே."

அவுட் என்று போட்டாள். பந்து போன வழியைக் காட்ட அந்தக் கட்டத்துக்குள் ஒரு கோடு இழுப்பது வழக்கம். மிஸ்டி இழுத்த கோடு கட்டத்தைத் தாண்டி, ட்ராயின் பெயர் மேலாகப் போய், தாளின் ஓரத்தில் நின்றது. பிறகு புத்தகத்தை மூடினாள்.

அடித்தவர்தான் பந்தை எடுக்க வேண்டும். வேலிக் கதவைத் திறந்து வயலுக்குள் போனேன். சோயா இடுப்பு வரைக்கும் வளர்ந்திருந்தது. பின்னால் காலை இழுத்துக்கொண்டு அப்பா வந்தார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் செடிகளை விலக்கித் தேடினோம்.

"பத்தொம்பது வருஷம்," என்றார்.

"தெரியும்பா."

"தரையோட அடிச்சிருக்கலாம்."

"அடிச்சிருக்கலாம்."

"வேணும்னேதான் அடிச்சியா?"

"ஆமா."

அவர் குனிந்துகொண்டே தேடினார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. கேட்டிருந்தால் பொய்யாக இருந்திருக்கும்.

பந்தைக் கண்டுபிடித்தது அவர்தான். ஆனால் எடுக்கவில்லை. அதன் பக்கத்தில் நின்று வேலியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு வேலி வரைக்கும் நொண்டிக்கொண்டே போய், அங்கிருந்து பந்து வரைக்கும் வாய்க்குள் எண்ணிக்கொண்டு நடந்து வந்தார். வரிசை மாறியபோது ஒரு செடியை மிதித்துவிட்டு, ஷூமேக்கர் பார்க்கிறாரா என்று சுற்றுமுற்றும் பார்த்தார்.

"பதினேழு அடி எடுத்து வச்சேன்," என்றார். "ட்ராயோடது கம்பிய உரசிட்டுல்ல போச்சு."

பந்தை எடுத்து, மண்ணைத் தட்டி, என்னிடம் கொடுக்காமல் தன் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டார். அது அந்தப் பைக்குப் பெரியது.

"காபி டின்ன எடுத்து மேல வைக்கணும்," என்றார் வண்டிக்கு நடக்கும்போது.

"நான் வச்சிடறேன்பா."

"வேணாம். நாளைக்கு நானே வச்சிக்கறேன். தட்டுல பந்துக்கும் கொஞ்சம் ஓரமா இடம் விட்டு வைக்கணும்."